ஏரிக்கரையில் ஒரு வீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பங்கு மக்களின் கண்கள் இரண்டு இடங்களையே நாடுகின்றன. ஒன்று வானம், மற்றொன்று ஏரி. அக்டோபர் மாதச் செபமாலை நாளுக்கொரு வீட்டில் நடைபெறுகிறது. செபம் முடிந்து சுண்டல் பரிமாறப்படும்போது எழும் முதற்பேச்சு, "ஏரியில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது?" என்பதே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடையின்கீழ் மெழுகுதிரி ஏற்றுகிறோம். காற்று அணைக்கிறது, மீண்டும் ஏற்றுகிறோம். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று ஆலயத்தில் ஆட்கள் குறைந்திருந்தால், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை வராதவர்களின் பெயர்களைக் கொண்டே நாம் கூறிவிடலாம்.

இதே மாதங்களை மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்கின்றனர். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். இங்கே இலைகள் உதிர்வதில்லை, ஏரிகள் நிறைகின்றன. சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் ஒரு வீட்டின் உண்மையான மதிப்பை அறிய விரும்புபவர் அதைச் சித்திரையில் அன்று, கார்த்திகையில் பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மையை நாம் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட கதையை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். உரியவர்களின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறோம். பெயர்களைச் சொல்லவில்லை.

முன்பணம் கொடுத்த மகிழ்ச்சி

2024-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு மாலை, இளந்தம்பதியர் இருவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். மனைவி மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கையில் ஒரு பெண் குழந்தை. எட்டாண்டுகளாக வாடகை வீட்டில் இருந்தவர்கள்.

"பாதர், வீடு ஒன்று பார்த்துவிட்டோம். 2 இலட்சம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். நீங்கள் செபித்து ஆசீர் அளிக்க வேண்டும்" என்றார் அந்தப் பெண்.

மகிழ்ச்சியோடு, வீடு எங்கே என்று வினவினோம். "ஏரிக்கரை ஓரம், பாதர். மாடியில் நின்றால் ஏரி முழுவதும் தெரிகிறது. அப்படி ஒரு காற்று!" என்றார் கணவர். தெருவின் பெயரையும் சொன்னார். விற்பவர் யார் என்பதையும் சொன்னார். அவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே, ஓய்வுபெற்ற தொழிலாளி, எழுபதைக் கடந்த முதியவர்.

ஆசீர் அளிக்க உயர்த்திய நம் கை ஒரு கணம் தயங்கியது. நான்கு மாதங்களுக்கு முன்னர், 2023 டிசம்பர் மாதத்து மிக்ஜாம் புயலின்போது, அதே வீட்டிற்கு ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நடந்து சென்றவர்கள் நம் பங்கு இளைஞர்கள். நாமும் தெருமுனைவரை சென்றிருந்தோம். அன்று முதியவர் தம் மனைவியுடன் மாடிப்படியில் அமர்ந்திருந்தாராம். இச்செய்தி இவ்விளந்தம்பதியருக்குத் தெரியுமா? தெரிந்ததாக அவர்கள் முகம் காட்டவில்லை. அவர்கள் வேறொரு பகுதியிலிருந்து அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் நம் பங்கிற்கு வந்தவர்கள்.

அன்று செபித்தோம், ஆனால் வீட்டிற்காகச் செபிக்கவில்லை. அவர்கள் நல்ல முடிவெடுக்க வேண்டும் என்று செபித்தோம். "பத்திரப்பதிவிற்கு அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பினோம்.

மலை ஏரியும் நம் ஏரியும்

ஏரி தெரியும் வீடு என்னும் ஆசை நம் காலத்தில் பலரைப் பற்றியிருக்கிறது. கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்று, ஏரியைச் சூழ்ந்த சரிவுகளில் நிற்கும் ஓட்டு வீடுகளைப் பார்த்துத் திரும்புவோர் மனத்தில் அப்படம் பதிந்துவிடுகிறது. அந்த ஏரிகளும் இயற்கையாய் அமைந்தவை அல்ல. உதகை ஏரி ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில் உருவானது. கொடைக்கானல் ஏரியை 1863-ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராய் இருந்த வியர் லெவிஞ்ச் அமைத்தார். இரண்டும் மனிதர் நீரோட்டத்தைத் தடுத்துத் தேக்கியவையே.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மலையில் ஏரி பள்ளத்தில் கிடக்கிறது. வீடு சரிவின்மேல் நிற்கிறது. நீர் ஓரடி உயர்ந்தால் கரையில் சில அடி தூரமே நனையும். நம் சமவெளி ஏரியோ ஒரு தாம்பாளத்தைப் போன்றது. நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால் அது பல தெருக்களின் தூரத்திற்குப் படர்கிறது. கோடையில் வறண்டு கிடந்து, சிறுவர் பந்தாடும் திடலாகத் தோன்றும் நிலம் கார்த்திகையில் ஏரியாகவே மாறிவிடுகிறது.

நம் ஏரிக்கு ஒரு பக்கமே உயர்ந்த கரை உண்டு. அக்கரையில் மதகு உண்டு. வயலுக்கு நீர் செல்லும் வழி அது. ஏரி நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடுவதற்குக் கலங்கல் உண்டு. கலங்கலில் வழிந்த நீர் வீணாவதில்லை. வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குச் செல்கிறது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு. கொரட்டூர் நிறைந்தால் இரட்டை ஏரிக்கு. இவ்வாறு ஓர் ஏரி மற்றோர் ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கும் சங்கிலியை நம் முன்னோர் அமைத்து வைத்தனர். கரைக்கு எதிர்ப்புறத்தில் சுவர் ஏதும் இல்லை. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து செல்லும். அதுவே நீர் படரும் இடம். அங்கே வீடு கட்டுபவர் ஏரியின் அருகில் குடியேறவில்லை. ஏரியின் உள்ளேயே குடியேறுகிறார்.

இப்பகுதி ஏன் இவ்வாறு நிறைந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1950-களிலும் 1960-களிலும் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை, பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று வேலை பெருகியது. நெல்லையிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த நம் குடும்பங்கள் பல அந்த வேலைகளை நம்பியே இங்கே குடியேறின. வயல்கள் மனைகளாயின. வயல் இல்லாதபோது மதகு எதற்கு என்று தோன்றிற்று. வாய்க்கால் எதற்கு என்றும் தோன்றிற்று. வாய்க்கால் தெருவாயிற்று. ஆனால் கலங்கலில் வழியும் நீருக்கு இச்செய்தியை யாரும் சொல்லவில்லை. அது பழைய வழியிலேயே வருகிறது.

மூன்று ஆண்டுகள் கற்பித்த பாடம்

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நம் பொது இல்லமாகிய பூமியைப் பேணுவது பற்றிய சுற்றுமடலைத் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் மட்டுமே சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்தது. டிசம்பர் முதல் நாள் பெருமழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவிற்கு நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின.

நான்கே ஆண்டுகள் சென்றன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்திற்குக் கொண்டுவந்தார்கள். நம் வீட்டுத் தாய்மார் குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்ததை மறந்துவிட இயலாது. பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மீண்டும் தெருக்கள் ஏரிகளாயின.

வெள்ளம், வறட்சி, வெள்ளம். இம்மூன்றும் ஒரே தவற்றின் விளைவுகள். நீர் தங்குவதற்குரிய இடத்தில் நாம் தங்கினோம். ஆகவே மழைக்காலத்தில் நீருக்கு இடமில்லை. கோடையில் நமக்கு நீரில்லை.

வெள்ளையடித்த சுவர்

மறுநாள் மாலை முதியவரின் வீட்டிற்குச் சென்றோம். அன்போடு வரவேற்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். வீடு புதிதாக வெள்ளையடிக்கப்பட்டுப் பளிச்சென்றிருந்தது. டிசம்பரில் நம் இளைஞர்கள் எடுத்த நிழற்படத்தில் கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாய்த் தெரிந்தது. இப்போது அக்கோடு இல்லை.

"ஐயா, வீடு வாங்க வரும் பிள்ளைகளிடம் அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னீர்களா?" என்று கேட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சாமி, எனக்கு விற்றவர் என்னிடம் சொன்னாரா?" என்றார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. முப்பதாண்டுகளுக்கு முன்னர் வருங்கால வைப்புநிதியில் கடன் வாங்கி, மனைவியின் நகைகளை விற்று அம்மனையை வாங்கியவர் அவர். முறையான கிரயப் பத்திரமும் பட்டாவும் வைத்திருந்தார். புறம்போக்கு அன்று, சட்டப்படி அவருடைய நிலமே. ஆனால் தண்ணீர் பட்டாவைப் படிப்பதில்லை. இருமுறை வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் இழந்திருந்தார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கின்றனர். மூட்டுவலியால் மனைவியால் மாடி ஏற முடிவதில்லை. "இந்த வீட்டை விற்றால்தான் எங்களுக்கு வேறு போக்கு, சாமி. உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டபோது அவர் கண்கள் கலங்கின.

அவரைக் கடிந்துகொள்ள நாம் அங்கே செல்லவில்லை. அவர் நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற எண்ணமும் நம்மை உறுத்திற்று. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொன்னோம்.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற கேள்வியை எழுப்பி விடை தந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் குறையைப் பறைசாற்ற வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவருடைய முடிவு. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடென்று விற்பது. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 55-ஆம் பிரிவில் ஏறத்தாழ இதையே கூறுகிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சித்திரையில் வறண்ட ஏரியையும் வெள்ளையடித்த சுவரையும் பார்ப்பவர் கார்த்திகை வெள்ளத்தை எவ்வாறு கண்டறிவார்?

"உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அந்தச் சிறு குழந்தையின் தலையில் இறங்க வேண்டுமா, ஐயா?" என்று மட்டும் கேட்டு விடைபெற்றோம்.

மழையில் வந்து பாருங்கள்

மூன்று நாள்கள் கழித்து அவரே இளந்தம்பதியரைத் தம் வீட்டிற்கு அழைத்தார். வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்துக் காட்டினார். "2015-இல் இதுவரை. 2023-இல் இதுவரை" என்றார். அந்த இளைஞரோ, "விலை குறைவாக இருக்கிறது, ஐயா, தரையை உயர்த்திக் கட்டிக்கொள்கிறோம்" என்றாராம். வாடகை வீட்டில் அலைந்து சலித்தவர்களின் ஆசை அத்தகையது. முதியவர் விடவில்லை. "இப்போது முடிவெடுக்காதீர்கள். மழையில் வந்து பாருங்கள். அப்போதும் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்" என்றார்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையின் முதற்பெருமழையன்று அவர்கள் சென்றனர். தெருமுனையிலேயே தண்ணீர் முழங்காலளவு நின்றது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டனர்.

முன்பணத்தில் ஒரு பகுதி முதியவரின் கண் அறுவைச் சிகிச்சைக்குச் செலவாகியிருந்தது. மூன்று தவணைகளில், ஒரு ரூபாய் குறையாமல் திருப்பித் தந்தார். இளந்தம்பதியர் பின்னர் மேட்டுப்பாங்கான தெருவொன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறிய வீடொன்றை வாங்கினர். ஏரி தெரியாது, எதிர் வீட்டுச் சமையலறைதான் தெரியும். அதை மந்திரிக்கச் சென்றபோது, விருந்தினர் வரிசையில் முதல் நாற்காலியில் முதியவரும் அவர் மனைவியும் அமர்ந்திருக்கக் கண்டோம்.

முதியவரின் வீடு இன்றுவரை விற்கப்படவில்லை. உண்மை பேசியவருக்கு உடனே பலன் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் சொன்ன உண்மையின் விலையை அவர் மட்டுமே சுமப்பது நீதியன்று என்று பங்கு மக்கள் உணர்ந்தனர். இப்போது ஐப்பசி முதல் வாரத்தில் இளைஞர்கள் சென்று அவர் வீட்டுப் பொருள்களை மாடிக்கு ஏற்றித் தருகின்றனர். கார்த்திகை முடியும்வரை அவரும் மனைவியும் ஒரு குடும்பத்தின் கீழ்த்தள அறையில் தங்குகின்றனர். அக்குடும்பம் எதுவென்று நாம் சொல்லத் தேவையில்லை. அவ்வறையின் சன்னலிலிருந்து எதிர் வீட்டுச் சமையலறை தெரியும்.

வீடு வாங்கும் குடும்பங்களுக்கு

பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நம்புகின்றனர். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரே அன்றி, விற்பவரின் உரிமைக்கு உறுதி கூறுவதில்லை. வீட்டுவரி இரசீதும் மின் இணைப்பும் உரிமைச் சான்றுகள் அல்ல. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். கிராம வரைபடத்தில் அம்மனைக்கு அருகில் ஏரி, வாய்க்கால், குட்டை ஏதேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அவ்விதிகளும் நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்குப் பொருந்தா. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே உண்டு. அச்சட்டத்தின்படி அறிவிப்பு வரும் நாளில், புறம்போக்கில் மனை போட்டு விற்றவர் அங்கே இருக்கமாட்டார். வெறும் முத்திரைத்தாளை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்த ஏழையே தெருவில் நிற்பார்.

பத்திரங்களுக்கு மேலான ஒரு சான்றும் உண்டு. அத்தெருவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு தாயைக் கேளுங்கள். "2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, அம்மா?" என்று கேட்டால் அவர் கையால் காட்டிவிடுவார். இயன்றால் ஒரு மழைக்காலம் காத்திருந்து வாங்குங்கள். ஓராண்டு வாடகை, ஒரு வாழ்நாள் கடனைவிடச் சிறியது.

நம் பங்கிற்கும் ஒரு பாடம்

பிறருக்கு அறிவுரை கூறும் நாம் நம்மையும் ஆராய வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளை மந்திரித்திருக்கிறோம். தீர்த்தம் தெளித்தோம், இனிப்பு உண்டோம், வாழ்த்தினோம். இந்த மனையில் மழைநீர் எங்கே போகும் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. நம் ஆலய வளாகத்திலும் வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரை முழுவதும் சிமெண்டுக் கற்கள் பதித்தோம். அங்கு விழும் மழை நம் மண்ணில் இறங்காமல், தாழ்வான பின்தெருவில் வாழும் ஏழைகளின் வாசலுக்கே ஓடிற்று. கற்களில் பாதியைச் சென்ற ஆண்டு பெயர்த்தெடுத்தோம்; மழைநீர் சேகரிக்கும் குழிகள் வெட்டினோம். பின்தெருவில் நீர் முற்றும் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். அவ்விரு வீடுகளும் கோடையில் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். இரண்டின்மீதும் ஒரே மழைதான் பெய்தது. வேறுபாட்டை வெளிப்படுத்தியது மழையே. குடும்பங்களும் அவ்வாறே. அந்த முதியவர் கரித்துண்டால் தம் சுவரில் கிழித்த கோடு இன்னும் அங்கே இருக்கிறது. அதன்மேல் அவர் மீண்டும் வெள்ளையடிக்கவில்லை. இம்மழைக்காலத்தில் அவ்வழியே செல்வோர் உள்ளே சென்று அதைப் பார்த்துவரலாம். மோர் தருவார்கள்.